பிளாப்பிக்கு வைத்த பொட்டு

அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு தையல் கடைக்கு மேலே பார்த்தசாரதி மாஸ்டர் நடத்திய கம்ப்யூட்டர் சென்டருக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு யாரும் போக முடியாது. தூசு பட்டால் மெஷின் படுத்துவிடும் என்பார் மாஸ்டர். ஏ.சி. போட்ட ஒரே அறை, அதில் இரண்டு கம்ப்யூட்டர்கள், இரண்டுக்கும் சிவப்புத் துணி உறை. உறையை விலக்கும்போது புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் தம்மை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொள்வதுண்டு. இப்படிச் சன்னிதி மாதிரி வைத்துக்கொண்டு, பிறகு ஒரு மனிதர் பொட்டு வைத்துவிட்டார் என்று குதித்தால் அது என்ன நியாயம்?

கஜபதி அங்கே ஒரு வருஷமாக சாஃப்ட்வேர் டிசைன் டிப்ளமோ படித்தான். படித்தான் என்பதைவிடப் பென்சில் சீவினான் என்பதே பொருத்தம். கீபோர்டைத் தொடுகிறவனைக் கண்டாலே மாஸ்டருக்கு ஆகாது. "முதல்ல பேப்பர்ல படம் போடுடா. யார் உபயோகிக்கப் போறான், அவன் எங்க தப்புப் பண்ணுவான், எல்லாம் அதுல வரணும். அடுத்தவன் பண்ணப்போற தப்பை முன்கூட்டி யோசிக்காதவன் டிசைனர் இல்ல, டைப்பிஸ்ட்!" என்று கத்துவார். கட்டமும் அம்புக்குறியுமாகப் போட்டுப் போட்டுக் கஜபதிக்குச் சோற்றுத் தட்டில்கூட அம்புக்குறி தெரிந்தது.

கடைசி ப்ராஜெக்டுக்கு அவன் எடுத்துக்கொண்டது, அவன் அப்பா துலுக்கானம் லேத் ஓட்டும் மண்ணூர்பேட்டைப் பட்டறையை. காலையில் எந்தக் கருவியை யார் வாங்கிப் போனார், சாயங்காலம் எது திரும்பவில்லை என்று அங்கே தினமும் அடிதடி நடக்கும். அதைக் கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிற மாதிரி ப்ரோக்ராம் எழுதினான். உண்மையிலேயே நன்றாக எழுதியிருந்தான். பரீட்சை பண்ண வருகிற அம்மாளுக்குப் பிடித்துவிட்டால் கிண்டியில் அவருடைய கம்பெனியிலேயே வேலை. பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் அப்பாவுக்குப் பக்கத்து லேத்தில் நிற்க வேண்டியதுதான். பட்டறை முதலாளி எத்திராஜ் அவனுக்காகக் காக்கிச் சட்டைகூடத் தைத்து வைத்துவிட்டார்.

அந்த மெஷின்களுக்குச் சொந்தமாக ஞாபகம் கிடையாது. சுவிட்சை அணைத்தால் போச்சு. எழுதியதெல்லாம் பிளாப்பி என்ற சதுரமான கறுப்பு அட்டையில்தான் இருக்கும். அட்டையில் நீளவாக்கில் ஒரு சின்னத் திறப்பு, அதன் வழியே உள்ளே பழுப்புத் தகடு தெரியும். அந்த இடத்தில் விரல் நுனிகூடப் படக்கூடாது. ஒன்று கெட்டால் இன்னொன்று என்று மாஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி கஜபதி இரண்டு பிரதி எடுத்து, இரண்டையும் ஒரே பிஸ்கெட் டப்பாவில் போட்டு வைத்திருந்தான்.

துலுக்கானம் ஒரு தடவை கேட்டார். "சதா அந்த டப்பாவையே கட்டிகினு அழுவுறியே, அதுக்குள்ளாற இன்னாடா கீது?"

"உனுக்குப் புரியாது நைனா."

அவர் மறுபடி கேட்கவில்லை. புரியாத பொருள் என்றால் பெரிய பொருள் என்று எடுத்துக்கொண்டார். மனுஷன் கோபித்துக்கொண்டிருந்தால் இவ்வளவு வம்பு வந்திருக்காது.

பரீட்சையை மாஸ்டர் விஜயதசமியன்று வைத்தார், நல்ல நாளாம். முதல் நாள் ஆயுத பூஜை. கஜபதி பரீட்சைக்குக் கட்டிக்கொள்ள டை என்கிற கழுத்துப் பட்டை கடன் வாங்க ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்த சிநேகிதன் வீட்டுக்குப் போய், முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டு திரும்புவதற்குள் வீட்டில் பூஜை முடிந்திருந்தது. அப்பாவின் அளவு பார்க்கும் காலிப்பர், ஸ்பேனர், அம்மா பேபியின் அரிவாள்மனை, அவற்றோடு அவனுடைய பிஸ்கெட் டப்பாவும் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. டப்பா மூடி மேல் சந்தனம், குங்குமம், ஒரு சாமந்திப் பூ.

எடுக்கப் போனவனின் கையில் பேபி ஓர் அடி வைத்தாள். "பூசைல வெச்சத இன்னிக்குத் தொடுவியா? காலைல எடுத்துக்க."

மூடி மேல்தானே பொட்டு, போகட்டும் என்று கஜபதி நிம்மதியாகப் பொரி தின்றான்.

விடிந்து, குளித்து, கழுத்துப் பட்டையும் கட்டிக்கொண்டு டப்பாவைத் திறந்து மேலே இருந்ததை எடுத்தான். பிளாப்பியில், விரல் நுனிகூடப் படக்கூடாத அந்தத் திறப்பின் நடுவே, குழைத்த சந்தனம் கட்டை விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. அதன் மேல் குங்குமம். திருப்பினால் பின்பக்கமும் அப்படியே.

"நைனா! இன்னா பண்ணி வெச்சிகீறே!"

துலுக்கானம் பெருமையாக வந்தார். "மூடிக்கு மட்டும் வெச்சா நல்லாவா இருக்கும்? உள்ள தொறந்து பார்த்தேன். அட்டைல எங்க வெக்கிறதுன்னு முதல்ல தெரியல. அப்பறம் பார்த்தா மூஞ்சி மாதிரி ஒரு எடம் தெரிஞ்சிது. அங்க வெச்சேன்."

கஜபதி இரண்டாவது பிளாப்பியை எடுத்தான்.

"அதுக்கும் வெச்சிகீறேன்டா. ஒண்ணுக்கு வெச்சி ஒண்ண வுட்டா, அது மனசு இன்னா பாடுபடும்?"

கஜபதி ஈரத் துணியால் துடைத்தான். சந்தனம் இன்னும் உள்ளே போனது. பிறகு அவன் வாயில் வந்ததையெல்லாம் சொன்னான். ஒரு வருஷப் படிப்பு, கிண்டி வேலை, எல்லாம் மண்ணாகிவிட்டது என்றான். துலுக்கானத்தின் முகம் செத்துப்போனது. அவன் பஸ் பிடிக்க ஓடியபோது, சட்டையை மாட்டிக்கொண்டு அவரும் பின்னாலேயே ஓடினார்.

சென்டரில் மாஸ்டர் பிளாப்பியைப் பார்த்ததும் இரண்டு கம்ப்யூட்டருக்கும் குறுக்கே பாய்ந்து கைகளை விரித்துக்கொண்டார். "உள்ள போட்டுத் தொலைச்சிடாதே! மெஷினுக்கும் நெத்தில வெச்சிடும்!"

பரீட்சை பண்ண வந்தவர் பத்மா. கிண்டி கம்பெனியில் பெரிய அதிகாரி, சிரிக்காத முகம். பிளாப்பியை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். "ஜவ்வாது கலந்த சந்தனம்," என்றார். "காப்பி எடுத்து வைக்கலையா?"

"எடுத்தேன் மேடம். அதுக்கும் அப்பா வெச்சிட்டார்."

"ரெண்டையும் எங்க வெச்சிருந்தே?"

"ஒரே டப்பாவுல."

"அது என்னன்னு வீட்ல சொல்லியிருந்தியா?"

கஜபதி தலை குனிந்தான். உனுக்குப் புரியாது நைனா என்று தான் சொன்னது அப்போதுதான் அவன் காதில் விழுந்தது. அடுத்தவன் பண்ணப்போற தப்பு என்று வருஷம் முழுக்கப் படம் போட்டவன், சொந்த வீட்டுக்கு ஒரு கட்டம் போடவில்லை. வெட்கமாக இருந்தது. அப்பாவைத் திட்டியது அதைவிட வெட்கமாக இருந்தது.

"சரி, டிஸ்க் இல்லாட்டி டிசைனாவது இருக்கா?"

"போட்ட பேப்பரெல்லாம் வீட்ல இருக்கு மேடம். ஆனா அத்தனையும் தலைல இருக்கு."

"அப்ப போர்டுல போடு. எனக்கு வேண்டாம், கம்ப்யூட்டரே தெரியாத ஒருத்தருக்குச் சொல்லு. அவருக்கு விளங்கினா பாஸ்." பத்மா வாசலைப் பார்த்தார். அங்கே செருப்புகளுக்கு நடுவே துலுக்கானம் நின்றுகொண்டிருந்தார். "அவர் யாரு?"

"பூசினவர்," என்றார் மாஸ்டர்.

துலுக்கானம் உள்ளே வரவே மாட்டேன் என்றார். கால் கழுவத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கஜபதி சாக்பீஸை எடுத்தான். கட்டம் போட்டான்.

"நைனா, இதான் கருவி வெக்கிற ரூம்பு. காலைல உன் கூட்டாளி கன்னியப்பன் அண்ணாத்த வந்து காலிப்பர் கேக்குறாரு. இந்த அம்புக்குறி அவரு. பேரு, கருவி, நேரம் மூணும் உள்ள போவுது. சாயங்காலம் வரலன்னா, இந்தக் கட்டம் அவரு பேரக் கூப்புடும்."

துலுக்கானம் முன்னால் சாய்ந்தார். "எல்லாரும் கேக்குற மாரியா கூப்புடும்?"

"திரைல எழுத்தா வரும்."

"அய்யோ பாவம். அவனுக்கு மானம் போவுமே." பிறகு ஒவ்வொரு அம்புக்குறியாக விரலை நீட்டிக் கேட்டார். இது யாரு, இவன் எங்க போறான், மறுபடியும் எதுக்கு மேல ஏறுறான். கஜபதி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். போர்டு நிறைந்ததும் அழித்துவிட்டு அடுத்த பாகத்தைப் போட்டான். கழுத்துப் பட்டை முதுகுப் பக்கம் போயிருந்தது, அதுகூட அவனுக்குத் தெரியவில்லை. இத்தனை நாளில் அப்பாவிடம் அவன் இவ்வளவு நேரம் பேசியதே இல்லை.

முடித்ததும் பத்மா கேட்டார். "உங்களுக்கு விளங்கிச்சா ஐயா?"

"விளங்கிச்சிம்மா." துலுக்கானத்தின் கண் கலங்கியிருந்தது. "நம்ம பட்டறைதான் அதுக்குள்ளாற கீதுன்னு இப்பதான் தெரியுது. கன்னியப்பன்கூட கீறான். எனக்கு முன்னாலயே தெரியாம போச்சே."

"தெரிஞ்சிருந்தா பூசியிருக்க மாட்டீங்க, இல்லையா?"

"இன்னாம்மா இப்படிக் கேட்டுட்டே? தெரிஞ்சிருந்தா இன்னும் நல்லா கெட்டியா பூசியிருப்பேன்."

பத்மா சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் கஜபதியைப் பார்த்து, "திங்கட்கிழமை கிண்டிக்கு வா. முதல் வேலையா இதைத் திரும்ப எழுது. காப்பியை மட்டும் உங்க வீட்ல வைக்காதே," என்றார். எத்திராஜ் தைத்த காக்கிச் சட்டையை இன்னொரு பையன் போட்டுக்கொண்டான். தோளில் கொஞ்சம் பிடித்ததாம்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கஜபதி மூன்று பிரதி எடுத்தான். ஒன்று ஆபீஸில், ஒன்று மாஸ்டரிடம். மூன்றாவதை அவனே சாமி படத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தான். காலி அட்டையை வைத்து ஏமாற்றியிருக்கலாம். ஆனால் துலுக்கானம் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்று, "இதுல பட்டறை கீதாடா?" என்று கேட்பார் என்று அவனுக்குத் தெரியும்.

கேட்டார்.

"கீது நைனா. கன்னியப்பன் அண்ணாத்த, நீ, எல்லாரும் கீறீங்க," என்றான் கஜபதி. அந்தத் திறப்பு மேலே தெரியும்படி அட்டையைத் திருப்பி அவரிடம் நீட்டினான்.