பிரபின் வரைந்த அம்மா

என் தம்பி பிரபின் வடக்கே ஒரு கல்லூரியில் ஓவியத்தில் எம்.எஃப்.ஏ. படித்தான். கடைசி வருடம் ஓர் அறை நிறையப் படம் வரைந்து மாட்டிக் காட்ட வேண்டுமாம், அதற்குத்தான் பட்டம். அம்மாவை இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டதை நான் போனில் சொன்னதும், மறுநாளே ரயிலேறி சங்கரன்கோவில் வந்து சேர்ந்தான். பாசம் என்று நினைத்தேன். பாசம் இல்லாமலும் இல்லை. ஆனால் துணிப்பையைவிடப் பெரிதாக ஒரு காகிதச் சுருளும் கொண்டுவந்திருந்தான்.

அம்மாவுக்கு வயிற்றில் புற்று. நான் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுக் கூடவே இருந்தேன். கழுவிவிடுவது, புரட்டிப் போடுவது, முதுகுப் புண்ணுக்கு மருந்து வைப்பது எல்லாம் நான்தான். செய்ததைச் சொல்லிக்காட்டக் கூடாது என்பார்கள். நான் சொல்லத்தான் செய்வேன்.

அம்மாவுக்கு மிச்சமிருந்தது ஒரே ஆசை. கூடத்தில் அப்பாவின் படம் மாட்டியிருக்கிறது. வாழ்நாளில் கோட்டே போடாத தேவதாசனுக்கு, செத்த பிறகு ஸ்டுடியோக்காரன் கோட்டும் டையும் மாட்டி, கன்னத்தில் ரோஸ் வேறு பூசிவிட்டான். எங்கள் சர்ச் சபையார் வீடுகளில் பாதிப் பேர் செத்த பிறகுதான் கோட்டுப் போட்டார்கள்.

“எனக்கு அப்படி வேண்டாம் மக்கா,” என்றாள் அம்மா. “படம் வரையதுக்குன்னே படிச்ச புள்ள இருக்கான். அவன் வரையட்டும். நான் கண்ணால பாத்துட்டுப் போறேன்.”

பிரபின் தலையாட்டினான்.

அதிலிருந்து தினமும் காலையில் எனக்கு அந்த வேலையும் சேர்ந்துகொண்டது. தலை சீவி, மெரூன் பட்டுச்சேலையைச் சுற்றிவிட்டு, தலையணை அண்டக்கொடுத்து உட்கார்த்த வேண்டும். உட்காருவதே அவளுக்கு உயிர் போகிற வலி. ஆனாலும் முகத்தைச் சிரித்த மாதிரியே வைத்திருப்பாள். “அசைஞ்சா படம் கெட்டுரும்லா,” என்பாள். பிரபின் எதிரே உட்கார்ந்து கரித்துண்டால் வரைவான். வரைந்ததைக் காட்டமாட்டான்.

ஒருநாள் அவன் கடைக்குப் போயிருந்தபோது சுருளைப் பிரித்துப் பார்த்தேன். பட்டு இல்லை, சிரிப்பு இல்லை. திறந்த வாய், துருத்திய விலா, மூட முடியாத கண். அம்மா தூங்கும்போது முதுகுப் புண்ணைக்கூட வரைந்து வைத்திருந்தான். அதை வரைந்த நேரத்தில் எனக்கு ஒரு கை பிடித்திருக்கலாம். படங்கள் நன்றாக இருந்தன, அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

திரும்பி வந்தவனைப் பிடித்துக்கொண்டேன். “ஏலே, பட்டைக் கட்டி உக்காத்தி வச்சது இதுக்காலே?”

“அது போஸு, அக்கா. இதுதான் அம்மா.”

“அவ கேட்டது ஒரே ஒரு படம். நல்ல மூஞ்சியா ஒண்ணு வரைஞ்சு குடுத்தா ஒங் கை தேஞ்சா போவும்?”

“வரைஞ்சு பாத்தேன். அப்பா படம் மாதிரி பொய்யா வருது, கிழிச்சுட்டேன்,” என்றான். கண் கலங்கியிருந்தான். பாவமாகவும் இருந்தது, இரண்டு அறை வைக்கலாமா என்றும் இருந்தது.

ஒரு மத்தியானம் கரண்ட் போய்த் தெருவில் தறிச்சத்தம் நின்றிருந்தது. அம்மா அவனைக் கூப்பிட்டு, “இனி என்னால உக்கார முடியாதுய்யா. வரைஞ்சதைக் காட்டு,” என்றாள். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அவன் இருப்பதிலேயே சாந்தமான ஒன்றை, கண் மூடிய முகம் மட்டும் உள்ளதை, எடுத்து அவள் முன்னால் பிடித்தான்.

அம்மா வெகுநேரம் பார்த்தாள்.

“பாவம். யாருய்யா இது?”

பிரபின் காகிதத்தைக் கொஞ்சம் தாழ்த்தினான்.

“பாக்க ஆளில்லாம கெடக்கா போலுக்கு. இவளுக்குப் புள்ளைக இல்லையா?”

அம்மா காகிதத்தைத் தள்ளிவிட்டு, “சரி, எம் படத்த எப்ப காட்டுவ?” என்றாள்.

“நாளைக்கும்மா,” என்று சொல்லிவிட்டுப் பின்வாசலுக்கு ஓடிப்போய் அழுதான். அன்று ராத்திரியே அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை மணி அடிக்கும்போது போய்விட்டாள். கேட்ட படத்தைப் பார்க்காமலே போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த கையோடு பிரபின் சுருளைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினான். அடுத்த மாதம் அவனுடைய அறையை வீடியோ எடுத்து அனுப்பினான். நாலு சுவரிலும் அம்மா. வாசலுக்கு நேரே தமிழிலும் இங்கிலீஷிலும் பெரிய எழுத்தில் தலைப்பு: ‘இவளுக்குப் புள்ளைக இல்லையா?’

பார்த்ததும் போன் போட்டேன். மதிப்பெண் போட வந்தவர்கள் அதன் முன்னால் நின்று அழுதார்கள், அவனுக்குத்தான் முதலிடம் என்றான்.

“சந்தோசம்லே. புள்ளைக ரெண்டு பேரு இருந்தாங்க, ஒருத்தி ராப்பகலா கூடவே கெடந்தான்னு அவங்ககிட்ட சொன்னியா?”

“படத்துக்கு வெளக்கம் சொல்லக் கூடாதுக்கா. அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க.”

போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவனோடு நான் பேசவில்லை.