வாசலில் கேட்ட கேள்வி

காரிலிருந்து பெட்டிகளை இறக்கி முடிப்பதற்குள் பண்ணைக்காரி அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

"உங்கள்ல யாராச்சும் மாசமா இருக்கீங்களா?"

ஒரு கையில் பால்புட்டி, இன்னொரு கையில் கயிறு. கேட்டுவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அத்தைதான் முதலில் சிரித்தாள்.

"அந்தக் கொடுப்பினை இருந்தா நாங்க ஏம்மா இவ்வளவு தூரம் ஆட்டுக்குட்டி பாக்க வரோம்? வீட்டுலயே ஒண்ணத் தூக்கி வெச்சுக்கிட்டுக் கிடக்க மாட்டோமா?"

"அம்மா, வாய வெச்சுக்கிட்டு சும்மா இரேன்" என்று நாத்தனார் அத்தையின் முழங்கையைக் கிள்ளினாள். பண்ணைக்காரி சிரிக்கவில்லை. நேராக மருமகளைப் பார்த்தாள்.

"நீங்க?"

"இல்ல" என்றாள் அவள்.

கணவன் காரின் பின்கதவைத் திறந்து, தண்ணீர்க் குடுவையை அக்கறையாகத் தேடிக்கொண்டிருந்தான். கொட்டகையில் ஒரு ஆடு அடித்தொண்டையில் கத்தியது. "அப்ப சரி" என்று பண்ணைக்காரி ஓடிவிட்டாள். எதற்குக் கேட்டாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கல்யாணமான பெண்ணைக் கண்டால் ஊரில் எல்லோரும் கேட்பதுதானே, இந்த மலைக்காட்டிலும் விடமாட்டார்களா என்று மருமகள் நினைத்துக்கொண்டாள்.

அன்று அவளுக்குப் பதினோரு வாரம். வீட்டில் அது கணவனுக்கு மட்டும்தான் தெரியும். முதல் தடவை நாள் தள்ளிப்போன ஐந்தாம் நாளே சொல்லிவிட்டார்கள். அத்தை போனை எடுத்தவள் கீழே வைக்கவில்லை. ஒன்பதாவது வாரத்தில் எல்லாம் போனபின், சொன்ன ஒவ்வொரு வீட்டுக்கும் திரும்பக் கூப்பிட்டு, இல்லையென்று சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் தடவையும் அதே கதை. அதற்கும் இரண்டு மாதம் கழித்துச் சந்தையில் தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி வழிமறித்து, "வயிறே தெரியலயே, எத்தனை மாசம்?" என்றாள். கத்தரிக்காயைப் பொறுக்கியபடியே அவளுக்குப் பதில் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது. அதனால் இந்த முறை இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். நாலு மாதம் முடியும்வரை மூச்சு விடக்கூடாது. வாந்தி வந்தால் குழாயைத் திறந்துவிட்டு எடுத்தாள். தையல்கடையில் கூடுதல் வேலை என்று பொய் சொல்லிவிட்டு டாக்டரிடம் போனாள். நாத்தனார் இந்த நான்கு நாள் விடுமுறையை ஏற்பாடு செய்தபோதும் மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள்.

வந்த பிறகு பிடித்துத்தான் போயிற்று. கண்ணுக்கெட்டிய தூரம் புல்லும் கல்வேலியும்தான். போனில் சிக்னல் கோடு ஒன்றுகூடக் காட்டவில்லை. காலையில் எழுந்தால் நேற்று இல்லாத குட்டிகள் நின்றுகொண்டிருக்கும், நாலு கால் இருப்பதே இப்போதுதான் தெரிந்ததுபோல் தள்ளாடிக்கொண்டு. நாத்தனார் எல்லாவற்றுக்கும் பேர் வைத்தாள். ஓயாமல் கத்திய ஒன்றுக்கு அத்தையின் பேர். "என்னை விட அது அழகாத்தான் கத்துது" என்றாள் அத்தை.

மூன்றாம் நாள் மதியம் கணவனும் நாத்தனாரும் ஏரிப்பக்கம் போயிருந்தார்கள். பண்ணைக்காரி கொட்டகை வாசலுக்கு வந்து கூப்பிட்டாள்.

"நீங்க தையல்காரிதானே? கையக் காட்டுங்க." உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "இது போதும். தலைச்சன் ஈத்து, வழி குறுகலா இருக்கு. என் கை போகல. என் வீட்டுக்காரர் தீவனம் வாங்கப் போயிட்டாரு. வந்து ஒரு கை குடுங்க, இல்லன்னா ஆடு செத்துரும்."

அவள் முழங்கைவரை சோப்புப் போட்டுக்கொண்டு வைக்கோலில் மண்டியிட்டாள். உள்ளே கொதிக்கிற சூடு. முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு விரல் நுனிகள் தாமாகப் பார்க்கத் தொடங்கின. ஒரு மூக்கு. ஒரு குளம்பு. இன்னொரு கால் பின்பக்கமாக மடங்கியிருந்தது. உள்புறமாகச் சுருண்டுபோன சட்டைக்கையை எத்தனை ஆயிரம் தடவை விரல்விட்டு வெளியே எடுத்திருப்பாள். அதே மாதிரி மெல்லத் தடவி, முட்டியை மடித்து, குளம்பை உள்ளங்கையில் பொத்திக் கொண்டுவந்தாள். ஆடு முக்கியது. குட்டி வழுக்கிக்கொண்டு அவள் மடியிலேயே விழுந்து தும்மியது.

அவள் சிரித்தாள். அவ்வளவு சத்தமாக அவள் சிரித்து எத்தனையோ மாதமாகியிருந்தது. "இன்னொண்ணு இருக்கு, எடுத்துருங்க" என்றாள் பண்ணைக்காரி. அதையும் எடுத்தாள். அது சிரமமே தரவில்லை. கையில் வந்தபோது ரோமம் இல்லாமல், பழுப்பாக, நனைந்த துணிபோலத் தொங்கியது. பின்னாலேயே வந்த நஞ்சுக்கொடி தடித்து மஞ்சளாக இருந்தது.

பண்ணைக்காரி அதைக் குச்சியால் புரட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இதுவும் அதேதான். இந்த வாரத்துல மூணாவது."

"என்னது?"

"கருவக் கலைக்கிற நோய். ஆட்டோட நோய்தான். ஆனா மாசமா இருக்கிற பொம்பளைக்கும் ஒட்டிக்கும். ஒட்டினா வயித்துல தங்காது. அதனாலதான் யார் வந்தாலும் வாசல்லயே கேட்டுருவேன்." எதிரில் இருப்பவளின் முகத்தைப் பார்த்ததும் பேச்சு நின்றது. "நீங்க இல்லன்னுதானே சொன்னீங்க?"

அவள் எழுந்து குழாயடிக்குப் போனாள். ஒரு தடவை சோப்புப் போட்டாள். மறுபடி போட்டாள். நகக்கண்களில் இருந்தது போகவில்லை. பாவாடை முழுக்க ஈரம், அது தொடைவரை ஊறியிருந்தது. பின்னால் பண்ணைக்காரி மறுபடி கேட்டாள். தண்ணீரை நிறுத்தாமலே, "பதினோரு வாரம்" என்றாள் அவள்.

கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அத்தைக்கு அது கேட்டது. கையில் ஒரு துண்டோடு வந்து நின்றாள். திட்டப்போகிறாள் என்று மருமகள் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"அவனுக்குத் தெரியுமா?"

ஆமென்று தலையசைத்தாள்.

"எனக்கு மட்டும்தான் தெரியாதா?"

"நீங்க எல்லாருக்கும் போன் பண்ணுவீங்க அத்தை. அப்புறம் மறுபடியும் பண்ணணும்." வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

அத்தை துண்டை விரித்தாள், மடித்தாள். "அந்தம்மா கேட்டப்ப நான்தானே சிரிச்சேன்" என்றாள். "நான் சிரிக்காம இருந்திருந்தா எதுக்குன்னு கேட்டிருப்போம்."

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஏரியிலிருந்து வந்த கணவனுக்கு அத்தையே சொன்னாள். அவன் நின்ற இடத்திலேயே நின்று, "நான் அங்கதான் இருந்தேன். அந்தம்மா கேட்டது எனக்கும்தான் காதுல விழுந்துச்சு" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னான். அவளைப் பார்க்கவில்லை. நாத்தனார் அழுதுகொண்டே பெட்டிகளில் துணியைத் திணித்தாள். பண்ணைக்காரி ஆஸ்பத்திரிக்கு வழி எழுதிய தாளை நீட்டினாள். ரெண்டரை மணி நேரம். "போன உடனே ஆட்டுக்கு ஈத்துப் பாத்தேன்னு சொல்லுங்க, அதான் முதல்ல. மருந்து இருக்கு. தொட்ட எல்லாருக்கும் ஒட்டுறதில்ல." கடைசியாகச் சொன்னதை இரண்டு தடவை சொன்னாள்.

பண்ணை எல்லையைத் தாண்டுவதற்குள் கார் நின்றது. பாதை முழுக்க ஆடுகள். கணவன் ஹாரனில் கை வைத்தான், அழுத்தவில்லை. அத்தை கதவைத் திறந்து இறங்கி, "போ, போ" என்று கைதட்டிக்கொண்டு நடந்தாள். மற்றவை ஒதுங்கின. ஒன்று மட்டும் நட்டநடுவில் அசையாமல் நின்றது. அதன் அடியில் ஒரு குட்டி முன்னங்காலை மடித்து முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது, வால் படபடத்தது. அத்தையின் கைதட்டல் நின்றது. காருக்கு முதுகைக் காட்டியபடி, சற்றுப் பொறு என்பதுபோல ஒரு கையை மட்டும் பின்னால் உயர்த்தினாள்.

இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது. பின்னிருக்கையில் அவளுக்கு வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும்போல இருந்தது. தொடவில்லை. கழுவிக் கழுவிச் சிவந்த இரண்டு கைகளையும் உடம்பில் படாமல், உள்ளங்கை மேலாகக் காற்றில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.