ஆறாவது ஷட்டர்

என் கணவருக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. வீடு கடைக்கு மேலேயே. அந்தக் கடை ஷட்டரைத்தான் ஒரு வருஷமாக வரைந்துகொண்டிருந்தேன். ஷட்டரை ஷட்டராக அல்ல; துரு தின்ற இடம், வண்டி இடித்த பள்ளம், போஸ்டர் உரிந்த திட்டு என்று அதன் மேலிருந்த நிறங்களை மட்டும். பார்ப்பவர்களுக்கு மேகமாகத் தெரியலாம். என் மாமியாருக்குத் தேமல்.

ஷட்டர் இறங்கியிருந்தால்தானே நான் எதிரே ஸ்டூல் போட்டு வரைய முடியும்? அதற்காகவே இவர் கடையைத் தாமதமாகத் திறப்பார்.

“என்னண்ணே, ஷட்டர் இன்னும் போஸ் குடுத்து முடிக்கலையா?” என்று வாடிக்கையாளர்கள் ஓட்டுவார்கள்.

“பெரிய நடிகை ஆயிடுச்சுப்பா. நெனச்சப்பதான் எழுந்திருக்கும்” என்பார் இவர்.

ஓவியக் கூடத்து அம்மா ஆறு படம் கேட்டிருந்தார். ஆறும் தயாராக இருந்தால் எனக்கென்று தனிக் கண்காட்சி. இல்லாவிட்டால் அந்த வாய்ப்பு வேறொருவருக்கு. மறுநாள் பார்க்க வருகிறார். ஆறாவதில் இடது பக்கம் இன்னும் வெள்ளையாகவே கிடந்தது.

அன்று காலை படத்தோடு கீழே இறங்கினால், ஷட்டர் பளபளவென்று நீலமாக நிற்கிறது. பக்கத்தில் பிரஷ்ஷும் கையுமாக இவர், முதல் மார்க் வாங்கிய பையன் முகத்தோடு.

“எப்படி இருக்கு? நாளைக்கு அந்தம்மா வரும்போது கடை அசிங்கமா இருக்கக் கூடாதுல்ல?”

கையிலிருந்த படத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். “ஆறாவது இன்னும் முடியலைங்க.”

“முடியலையா? பாதி வெள்ளையா விட்டிருந்தியே! நாலாவதுலயும் அப்படித்தானே விட்ட? அதான் முடிஞ்சிடுச்சுன்னு…”

நியாயம்தான். நாலாவதில் அந்த வெள்ளையை நான் வேண்டுமென்றே விட்டிருந்தேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

மாமியார் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். “ஏம்மா, ஒரு போட்டோ புடிச்சு வெச்சிருக்கக் கூடாதா?”

“போட்டோல துரு வெறும் பழுப்பாத்தான் விழுது அத்தை.”

இவர் பின்வாசல் வழியாகக் கடைக்குள் போய்த் தின்னர் டப்பாவும் பழந்துணியும் கொண்டுவந்தார். “பெயிண்ட் இன்னும் ஈரம்தான். எங்க தொடைக்கணும்னு நீ சொல்லு.”

சொன்னேன். “அந்த மூலை… இன்னும் கீழ… அழுத்தாதீங்க.”

நீலம் வழிந்து இறங்க, அடியிலிருந்து பழைய துரு மெல்ல எட்டிப் பார்த்தது. ஆனால் பள்ளங்களுக்குள்ளும் கீறல்களுக்குள்ளும் இருந்த நீலம் போக மறுத்து அப்படியே தங்கிவிட்டது. ஒரு வருஷமாகப் பார்த்த ஷட்டரில் இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

“நிறுத்துங்க! கைய எடுங்க. போதும்.”

“இன்னும் பாதி இருக்கே?”

“அதான் வேணும்.”

“காலையில பூசுறான், காலையிலேயே தொடைக்கிறான். நல்லா ஜோடி சேர்ந்தீங்க!” என்றார் மாமியார்.

என் பெட்டியில் அந்த நீலம் இல்லை. இவருடைய டப்பாவிலேயே பிரஷ்ஷைத் தோய்த்தேன்.

“ஏய், அது இரும்பு கேட்டுக்கு அடிக்கிற பெயிண்ட்டும்மா!” என்று பதறினார்.

“உங்க பெயிண்ட்தானே? தரமாட்டீங்களா?”

டப்பாவை என் கைக்கு எட்டும் உயரத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். கடை அன்று திறக்கவே இல்லை.

மறுநாள் அந்த அம்மா ஆறையும் எடுத்துக்கொண்டார். ஆறாவதை மட்டும் இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. “பார்த்துங்க, பார்த்துங்க” என்று வண்டிவரைக்கும் கூடவே ஓடினார் இவர். “இன்னும் காயல!”