சகலை வீட்டுப் பெட்டி

லிஃப்ட்காரருக்குச் சகலை மேல் எரிச்சல் வரப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. புதுச் செருப்பு ஒன்று போதும். மனைவியின் தங்கையைக் கட்டியவர், வயதில் ஆறு வருஷம் சின்னவர், டைல்ஸ் கடை வைத்திருப்பவர். எதை வாங்கினாலும் அதை வாங்கிய கதையையும் சேர்த்துச் சொல்லாமல் விடமாட்டார். பதினெட்டு வருஷமாக மாடி மாடியாக ஏறி இறங்கி லிஃப்ட் பழுது பார்க்கிறவருக்கு, உட்கார்ந்த இடத்தில் தரையை விற்கிற மனிதர் மேலே மேலே போய்க்கொண்டிருப்பது செரிக்கவில்லை.

இந்தத் தடவை சகலை வாங்கியிருந்தது ஒரு கறுப்புப் பெட்டி. டிவிக்குப் பக்கத்தில் சாதுவாக உட்கார்ந்திருந்தது. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். வீட்டிலுள்ள படம், பாட்டு, போட்டோ எல்லாம் அதற்குள். எந்த அறையில் எந்தத் திரையைத் தொட்டாலும் வரும். டைல்ஸ்காரர் கூடத்தில் ஒரு படத்தை ஓடவிட்டு, அதன் மீதியைப் படுக்கையறையில் தொடர்ந்து காட்டி, சமையலறையில் பாட்டுப் போட்டு, விருந்தாளிகளை வீடு முழுக்க நடக்க வைத்தார்.

அதைக்கூட லிஃப்ட்காரர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் அவர் மனைவி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தங்கை வீட்டுக்குக் கிளம்ப ஆரம்பித்தாள். காரணம் அவளுடைய அப்பா. மாமனார் கப்பலில் வேலை பார்த்தவர். கடிதம் எழுதச் சோம்பல்பட்டு, கேசட்டில் பேசி வீட்டுக்கு அனுப்புவார். “பெரியவளே, சின்னவளே” என்று தொடங்கி, கடல் எப்படி இருக்கிறது, சமையல்காரன் என்ன சொதப்பினான் என்று அரை மணி நேரம் பேசுவார். அப்படி நாற்பது கேசட். கொழுந்தியாள் எல்லாவற்றையும் மாற்றி அந்தப் பெட்டியில் ஏற்றியிருந்தாள். அக்காவும் தங்கையும் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, செத்துப் பத்து வருஷமான மனிதரின் ஜோக்குக்குச் சிரித்தார்கள்.

“நம்ம வீட்லயும் இப்படி ஒண்ணு இருந்தா நல்லாருக்கும்ல” என்று பஸ்ஸில் திரும்பும்போது மனைவி சொன்னாள். சும்மாதான் சொன்னாள். அவருக்கு அடிவயிற்றில் யாரோ அடுப்பைப் பற்றவைத்த மாதிரி இருந்தது.

மறுநாளிலிருந்து கையில் போனும் கண்ணில் கண்ணாடியுமாக அலைந்தார். மதியச் சாப்பாட்டு வேளையில், லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஆட்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு எழுதியதையெல்லாம் படித்தார். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரையே பெட்டியாக்கிக்கொள் என்றான் ஒருவன். கரண்ட் பில் உன்னைத் தின்றுவிடும் என்றான் இன்னொருவன். மலிவான பெட்டியில் பெரிய படத்தைப் போட்டால் டிவி திக்கித் திக்கி ஓடும் என்று மூன்றாமவன் பயமுறுத்தினான். ஒரு மாதத்தில் அவருக்கு விஷயம் பிடிபட்டது. விஷயம் பிடிபடப் பிடிபட, சகலையுடைய பெட்டி ஒன்றும் பிரமாதமில்லை என்பதும் பிடிபட்டது. அந்த வாரம் நன்றாகத் தூங்கினார்.

கடையில் இருந்த பெண்ணிடம் நாலு டிஸ்க் போடுகிற பெட்டியைக் காட்டச் சொன்னார். சகலையுடையது இரண்டு. இது நாலு. அவ்வளவுதான் கணக்கு.

“வீட்ல ஒரே நேரத்துல எத்தனை பேர் படம் பார்ப்பீங்க?” என்று அவள் கேட்டாள்.

“ரெண்டு பேர். அதுல ஒருத்தர் பாதியில தூங்கிடுவாங்க.”

அப்படியானால் நாலு அறைப் பெட்டி வாங்குவது, குடியிருக்காத வீட்டுக்கு வாடகை கொடுக்கிற மாதிரி என்று சொல்லி, இரண்டு அறை உள்ளதையே எடுத்து வைத்தாள். போன வருஷத்து மாடல், விலை இறங்கியிருக்கிறது, ஆனால் கம்பெனி இன்னும் கைவிடவில்லை என்றாள். பெட்டியில் மிச்சம் பிடித்ததை டிஸ்க்கில் போடச் சொன்னாள். ராத்திரி பகல் ஓடுவதற்கென்றே செய்த டிஸ்க்காக இரண்டு வேண்டும். ஒன்றில் இருப்பதே இன்னொன்றிலும் இருக்கும். ஒன்று செத்தாலும் மற்றது தாங்கும். “முன்னாடி விளக்கு பச்சையா இருக்கணும். ஆரஞ்சு ஆச்சுன்னா ஒண்ணு போயிடுச்சுன்னு அர்த்தம். உடனே மாத்திடுங்க. ரெண்டாவதும் போனா எதுவும் மிஞ்சாது.”

சம்பளம் வரட்டும் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டு சோபாவில் உட்கார்ந்தவருக்கு முதலில் கண்ணில் பட்டதே அந்த விளக்குதான். ஆரஞ்சு.

வேலையில் அவர் அப்படிப்பட்டவரே இல்லை. எந்தக் கட்டடத்திலாவது ஒரு சின்ன விளக்கு நிறம் மாறியிருந்தால், லிஃப்டை நிறுத்தி, பொறுப்பாளரைக் கூப்பிட்டுச் சொல்லி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் நகர்வார். இங்கேயும் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் டைல்ஸ்காரர் முந்திக்கொண்டு, தன்னிடம் இப்போது அறுநூறு படம் சேர்ந்துவிட்டது, வேண்டுமானால் சகலை ஒரு பென்டிரைவ் கொண்டுவந்து பத்துப் பதினைந்து எடுத்துப் போகலாம் என்றார். போகிறபோக்கில் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

லிஃப்ட்காரர் வாயை மூடிக்கொண்டார்.

போகட்டுமே என்று நினைத்தார். அறுநூறு படமும் ஒரே நாளில் போகட்டும். மாமனாரின் கேசட்டுகள் எப்படியும் தன் வீட்டு அலமாரியில் பழைய பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. யாருக்கும் நஷ்டமில்லை. டைல்ஸ்காரர் ஒரு மாலை முழுக்கக் கதை இல்லாமல் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். அதை நினைக்க நினைக்க இனித்தது. அதற்குப் பிறகும் மூன்று ஞாயிறு போய் வந்தார். மூன்று முறையும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கழுத்தை நீட்டிப் பார்த்தார். ஆரஞ்சு.

சம்பளம் வந்தது. பெட்டியும் இரண்டு டிஸ்க்கும் வீட்டுக்கு வந்தன. சனிக்கிழமை காலை, ஒரு டிஸ்க்கைப் பூட்டி, அடுத்ததை உறையிலிருந்து எடுக்கும்போது, மனைவி காபியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முதல் வேலையாகத் தங்கை வீட்டிலிருந்து அப்பாவின் குரலைக் கொண்டுவர வேண்டும் என்றாள்.

“அங்கேருந்து எதுக்கு? அலமாரியில கேசட் இருக்குல்ல, நானே மாத்தித் தரேன்.”

“அதெல்லாம் எப்பவோ பூஞ்சை பிடிச்சுப் போச்சு. மாத்தின கையோட தூக்கிப் போட்டாச்சு. டின்ல இப்ப ஊசியும் நூலும்தான் இருக்கு.”

அவர் டிஸ்க்கைத் திரும்பவும் உறையில் போட்டார். கூடவே ஒரு பென்டிரைவையும் பையில் போட்டுக்கொண்டு, உடனே கிளம்பு, அந்தப் பெட்டியில் ஏதோ கோளாறு இருக்கலாம் என்றார். எப்படித் தெரியும் என்று அவள் கேட்டாள். வழியில் பேசிக்கொள்ளலாம் என்றார். வழியில் பேசவில்லை.

டைல்ஸ்காரர் லுங்கியோடு கதவைத் திறந்தார். விளக்கு ஆரஞ்சாகத்தான் எரிந்தது, ஆனால் எரிந்துகொண்டாவது இருந்தது. அது கொஞ்ச நாள் முன்னால் கீச்கீச்சென்று கத்தியதாகவும், பின்னால் ஒரு பொத்தானை அமுக்கியதும் அடங்கிவிட்டதாகவும் டைல்ஸ்காரர் பெருமையோடு சொன்னார். லிஃப்ட்காரர் உட்கார்ந்து, மாமனாரின் குரலை முதலில் பென்டிரைவில் இறக்கினார். நாற்பது கேசட். பன்னிரண்டு நிமிஷம். அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் அவர் மூச்சை எண்ணி எண்ணித்தான் விட்டார்.

இறங்கி முடிந்தது. பென்டிரைவை மனைவியின் கையில் கொடுத்தார். உயிர் திரும்பி வந்தது. உயிரோடு கூடவே பழைய புத்தியும் திரும்பி வந்தது. வேண்டியது கைக்கு வந்துவிட்டது. மீதி அறுநூறு படம் யாருடையது? பைக்குள் இருப்பது தன் காசில், தன் பெட்டிக்காக வாங்கிய டிஸ்க். ஒரு டிஸ்க் போய்விட்டது, புதுசு சொல்லி வைத்து வாங்கிப் போடுங்கள், ஒரு வாரத்தில் வந்துவிடும் என்று சகலையிடம் சொல்லிவிட்டுப் பையின் ஜிப்பை இழுத்தார்.

கொழுந்தியாள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி தனக்கு நேர்ந்ததையெல்லாம் தேதி போட்டு எழுதி வைத்திருந்தது.

“அத்தான், டிஸ்க் போய் நாலு வாரம் ஆச்சுன்னு போட்டிருக்கு. அதுக்கு அப்புறம் நாலு தடவை வந்திருக்கீங்க. இதுக்கு நேர் எதிர்லதான் உக்காந்திருந்தீங்க. நீங்க பாக்கலையா?”

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் நம்பியிருப்பார்கள். மனைவி பென்டிரைவை இரண்டு கையாலும் பிடித்திருந்ததைப் பார்த்தார்.

“பார்த்தேன். தெரிஞ்சுதான் சொல்லல.”

“ஏன்?”

“வயித்தெரிச்சல்.”

மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கொழுந்தியாளுக்கு முகம் சிவந்தது. டைல்ஸ்காரர்தான் ஆச்சரியம். கோபம் வரவேண்டிய இடத்தில் அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது. லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, “என்னைப் பார்த்தா சகல?” என்றார். “நிஜமாவா?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதைவிட டிஸ்க்கைக் கொடுப்பது சுலபம் என்று லிஃப்ட்காரருக்குத் தோன்றியது. ஜிப்பைத் திறந்தார். செத்ததை உருவிவிட்டுப் புதியதைச் செருகினார். மிஞ்சியிருந்த டிஸ்க்கிலிருந்து புதியதற்கு எல்லாம் ஏறிமுடியும்வரை, பொழுது சாயும்வரை, அங்கேயே உட்கார்ந்திருந்தார். நூற்றுக்கு எவ்வளவு என்று எண் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. கொழுந்தியாள் அவருக்குச் சோறு போட்டாள், ஆனால் இன்னும் வேண்டுமா என்று கேட்கவில்லை.

விளக்கு பச்சையானதும் எழுந்தார். பஸ்ஸில் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “இன்னைக்கு அந்த இன்னொண்ணும் போயிருந்தா?” அதற்குப் பிறகு ஐந்து நாள் அவள் அவரோடு பேசவில்லை. அவருடைய புதுப் பெட்டி ஒற்றை டிஸ்க்கில் ஓடியது. காலையும் மாலையும் அவர் அதன் விளக்கைப் பார்த்துக்கொண்டார்.

டைல்ஸ்காரரோ, சகலை தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்ட கதையைக் கடைக்கு வருகிற கொத்தனாரிடம்கூடச் சொன்னார். ஆறாம் நாள் அவரே போன் செய்தார். கடனை வைத்துக்கொள்ளக் கூடாதாம், ஒரு டிஸ்க் அனுப்பியிருக்கிறாராம். அதோடு, இவ்வளவு ஆனபிறகு நாலு டிஸ்க் போடுகிற பெட்டியே வாங்கிவிடலாம் என்று பார்க்கிறாராம். எது நல்லது, சகலைதான் சொல்ல வேண்டும்.

லிஃப்ட்காரருக்குச் சுமாரான ஒன்றின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, ஒரு மாதம் படித்ததில் தனக்கு மிகவும் பிடித்துப்போனதன் பெயரை, எழுத்துக் கூட்டிச் சொன்னார்.

போனை வைத்ததும் மனைவி ஐந்து நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

“நெசமாவே நல்ல பெட்டியா அது?”

“நல்லதுதான்.”

“நம்மளோடதை விடவா?”

“எவ்வளவோ நல்லது” என்றார். சொல்லும்போது வயிறு எரியத்தான் செய்தது.