ஆந்தையின் வலது இறக்கை

கணவர் வாங்கி வந்திருந்த பெட்டியைத் திறந்ததும் அவளுக்கு உண்டானது மகிழ்ச்சிதான், அதை மறுப்பதற்கில்லை. நீர்வண்ணத் தூரிகைகள் ஆறு, மெலிந்ததிலிருந்து தடித்தது வரை வரிசை பிசகாமல் படுத்திருந்தன. கீரிப்பிள்ளை நிறத்து முடி. ஊசி போன்ற முனை. ஒவ்வொரு தலைக்கும் தனித்தனி உறை. பறவை நூல்களுக்குப் படம் வரைவதையே தொழிலாகக் கொண்ட அவள், இந்த ரகத்தைக் கடையில் எடுத்துப் பார்த்திருக்கிறாளே தவிர, வாங்கத் துணிந்ததில்லை.

அந்த மகிழ்ச்சி, அவள் மேசைப் பக்கம் திரும்பும் வரையில்தான் நீடித்தது. பழைய தூரிகைகள் நின்ற ஜாடி, தேய்த்துக் கழுவப்பட்டுக் கவிழ்ந்து கிடந்தது.

"இதுல இருந்ததெல்லாம் எங்கங்க?"

"அதையா கேக்கிற? எல்லாமே மண்டையைப் போட்ட கேஸு. ஒண்ணு துடைப்பம் மாதிரி விரிஞ்சு கிடந்துச்சு. காலையிலயே குப்பை வண்டியில ஏத்தியாச்சு." அவர் குரலில், நல்ல காரியம் ஒன்றைச் சொல்லாமல் செய்து முடித்தவரின் நிறைவு இருந்தது.

ஒரு தொழிற்சாலையின் பண்டகசாலையை நெடுங்காலம் கட்டி ஆண்டவர் அவர். தேய்ந்ததைக் கழித்துக்கட்ட வேண்டும், அதன் இடத்தில் புதியதை வைக்க வேண்டும் என்பதே அவருடைய வாழ்க்கை நெறி. ஓய்வு பெற்ற பிறகு அவர் ஆட்சிக்கு எஞ்சியது வீடு ஒன்றுதான்.

மேசைமேல் ஓர் ஆந்தை பாதி உடலோடு உட்கார்ந்திருந்தது. முகமும் மார்பும் இடது இறக்கையும் முடிந்திருந்தன. வலது இறக்கை இன்னும் பென்சில் கோடாகவே இருந்தது. ஆந்தையின் இறகுக்குக் கூரான ஓரம் கிடையாது. பஞ்சு பிரிந்தாற்போல் நைந்திருக்கும். அந்த நைவை இடது இறக்கைக்குக் கொண்டுவந்தது, துடைப்பம் என்று பெயர் வாங்கிக்கொண்டு குப்பைக்குப் போன தூரிகை. ஈரத்தைத் துணியில் ஒற்றிவிட்டு ஒரு முறை வருடினால், ஒன்றோடொன்று ஒட்டாத மயிரிழைகளாக வண்ணம் இறங்கும். அப்படிக் கலைவதற்கு அது ஆண்டுக்கணக்கில் உழைத்திருந்தது.

படத்தைப் பெற்றுக்கொள்ளப் பதிப்பகத்து ஆள் அன்று மாலை வருவதாக இருந்தது. இதற்குள் இரண்டு தவணை தள்ளிப்போட்டாயிற்று. இந்த முறையும் கிடைக்காவிட்டால் அந்தப் பக்கத்தில் ஒரு புகைப்படத்தைப் போட்டுவிடுவோம் என்று, மரியாதை குறையாமல், சொல்லிவிட்டார்கள். இரண்டு இறக்கையும் இரண்டு பறவையுடையனபோல் இருக்கும் படத்தைக் கொடுப்பதைவிட அதுவே மேல் என்றுதான் அவளும் நினைத்தாள்.

நியாயமாக அவள் வீட்டை இரண்டாக்கியிருக்க வேண்டும். ஆனால், மணமாகி இத்தனை காலத்தில் அவளுடைய வேலைக்கென்று அவர் கடை ஏறியது இதுவே முதல் தடவை. "வீட்டுல சும்மா இருக்கிற நேரத்துல ஏதோ வரைவா" என்று வருவோர் போவோரிடம் சொல்லிவந்த மனிதர், கடைக்காரரைக் குடைந்து குடைந்து கேட்டு, முடியை விரலால் நெருடிப் பார்த்து வாங்கி வந்திருக்கிறார். அதை முகத்தில் அடித்தாற்போல் திருப்பிக் கொடுக்க அவளுக்கு வாய் வரவில்லை. இந்த ஆறில் ஒன்று கைகொடுத்துவிட்டால் பேச்சுக்கே இடமில்லாமல் போய்விடும். பரீட்சித்துப் பார்க்க உட்கார்ந்தாள்.

முனையை இறுக்கியிருந்த பசை கரையும்வரை ஒவ்வொன்றையும் நீரில் அலசினாள். படம் வரைந்த தாளிலிருந்தே வெட்டியெடுத்த துண்டு ஒன்றை எதிரில் வைத்துக்கொண்டாள். ஆறிலும் மெலிந்தது ஓர் அதிசயம். அந்தத் துண்டில் ஆந்தையின் அலகோரத்து மீசைமுடிகளை, அவள் மூச்சைக்கூட அடக்காமலேயே, ஒரே இழுப்பில் ஒவ்வொன்றாகப் போட்டது. இப்படி ஒன்று கையில் இருந்திருந்தால் எத்தனை பறவைகளுக்குக் கண்ணோரம் ஒழுங்காக அமைந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இறகு மட்டும் வரவில்லை. முடியைக் கழுத்தருகே நசுக்கிப் பிரித்தால் ஒரு கணம் பிரியும். தாளைத் தொடுவதற்குள், மணி அடித்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப்போல், வரிசையில் வந்து நின்றுவிடும். துண்டுத்தாளில் விழுந்த கோடுகள், எண்ணெய் தடவிப் படிய வாரிய தலையை ஒத்திருந்தன. இந்த இறக்கையைப் பொருத்தினால் ஆந்தை கல்யாணத்துக்குக் கிளம்பியதுபோல் இருக்கும்.

கணவர் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தார். "சரக்கு எப்படி?"

"நல்லா இருக்குங்க."

"நல்லா இருக்குன்னா எதுக்கு ஆந்தை மாதிரி முழிக்கிற?"

"நாள் பூரா அது மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தா வேற எப்படி முழிக்கிறது?"

அவர் சிரித்துக்கொண்டே போனார். அவள் மணியைப் பார்த்தாள். பிறகு எழுந்து, அவருடைய கருவிப் பெட்டியிலிருந்து உப்புத்தாள் ஒன்றை எடுத்து வந்து, நான்காவது தூரிகையை நனைத்து, தாளின்மேல் படுக்க வைத்துத் தேய்க்கத் தொடங்கினாள். கத்தரிக்கோல் உதவாது, வெட்டிய முடி கட்டையாக நிற்கும். தேயத்தான் வேண்டும், அதுவும் ஒரு சீராகத் தேயக்கூடாது.

தேநீர்க் கோப்பையோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன பண்ற நீ?"

"பிரஷ்ஷைத் தேய்க்கிறேன்."

"அது தெரியுது. ஏன்னு கேக்கிறேன்."

"இறக்கை வரலை. புது பிரஷ்ல கோடு வருது, இறகு வரலை. முடி கலைஞ்சிருக்கணும்."

"கலைஞ்ச முடியோட ஒண்ணு இருந்துச்சே, அந்த ஜாடியில..." அவர் பாதியில் நிறுத்தினார். "அதுவா?"

"அதேதான்."

"ஏம்மா, உடனே என்னைத் திட்டியிருக்கலாம்ல?"

"நேரம் இல்லை."

அவர் கோப்பையை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தேய்படும் தூரிகையிலிருந்து பொடி முடிகள் உதிர்வதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கிய பொருள் கண்ணெதிரே பாழாவதைப் பார்த்துப் பழகாத மனிதர்.

"அப்ப மிச்சம் அஞ்சையும் கடையில திருப்பிக் குடுத்திடலாமா?"

"பெட்டியில ஒண்ணு குறைஞ்சதை எந்த மகராசன் வாங்குவான்? நீங்க வாங்குவீங்களா, உங்க ஸ்டோருக்கு?"

"கேட்டுக்குள்ளயே விட மாட்டேன்."

"அப்புறம் என்ன? ஒண்ணையும் தர மாட்டேன். இங்க வாங்க, இந்த மூக்கோரத்தைப் பாருங்க. அந்தக் குட்டி பிரஷ் போட்டது."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். என்ன சொல்வதென்று தெரியாமல், "மீசை நல்லா இருக்கு" என்றார். அவள் துண்டுத்தாளில் மறுபடி வருடிப் பார்த்தாள். பாதி கலைந்திருந்தது. இன்னும் கொஞ்சம் தேய்த்தாள்.

இறக்கையின் மேல்வரிசை முடிந்து கீழ்வரிசை ஈரமாக இருந்தபோது வாசல் மணி அடித்தது. அவள் கை நின்றது.

"நீ பாட்டுக்கு வேலையைப் பாரு," என்று எழுந்தவர் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார். பதிப்பகத்து ஆளை உட்காரச் சொல்வதும், அவர் நிற்கிறேன் என்பதும் கேட்டது. அதன்பின், ஒரு முறை லாரி நிறைய வந்து இறங்கிய தவறான அளவு திருகாணிகளின் கதை ஆரம்பமாயிற்று. அந்தக் கதைக்கு முன்கதை உண்டு, கிளைக்கதை உண்டு. உறவினர்கள் அதைக் கேட்டதும் செருப்பைத் தேடுவார்கள். அவளே பலமுறை இடையில் புகுந்து வெட்டிவிட்டிருக்கிறாள். இன்று அது எந்த இடத்திலும் சுருங்கிவிடக்கூடாதே என்று கேட்டபடி, இறகு இறகாக ஓரம் வரைக்கும் போய் முடித்தாள்.

படம் உலர்ந்ததும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பதிப்பகத்து ஆள் அதைக் கையில் வாங்கியபோது அவர் முகத்தில் தெரிந்தது, பெரும்பாலும் விடுதலை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இடமும் வலமும் பார்த்தார்.

"ரொம்ப உசிரா இருக்கும்மா. நீங்க குடுக்கிற வரைக்கும் எங்களுக்குத்தான் உசிரு இல்லை," என்று சொல்லி, அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி எடுத்துக்கொண்டு போனார்.

கணவர் கதவைத் தாழிட்டுவிட்டுத் திரும்பினார்.

"அவருக்கு வித்தியாசம் தெரியலையே?"

"தெரியலை."

"உனக்கு?"

"எனக்குத் தெரியும்."

அவர் முகம் சுருங்கியது. அவள் கைகளைத் துணியில் துடைத்தாள்.

"வலது பக்கம்தான் கொஞ்சம் நல்லா வந்திருக்கு," என்றாள்.

ஆறுதலுக்காகச் சொன்னதன்று, உண்மை. புது முடியின் திடம் அடியில் இருந்து, நுனி மட்டும் கலைந்ததில் இறகுக்கு ஓர் உடல் கிடைத்திருந்தது. அப்படி அமைந்துபோனதுதான் அவளுக்குச் சற்றும் பிடிக்கவில்லை.

"அப்படின்னா நான் அதைத் தூக்கிப் போட்டது..."

"தப்புதான்," என்றாள் அவள். "அதுல மாத்தம் இல்லை. இனிமே என் மேசையில கேட்டுட்டுக் கை வைங்க."

"சரி" என்றார் அவர்.