கோடு விழாத கை

கதிரவன் மேற்கே சாய்ந்து, கூரைத் தகடுகளின் மேல் கிடந்த வெயில் மெல்ல மெல்லத் தெருவுக்கு இறங்கி, தெருவிலிருந்தும் தேய்ந்துகொண்டிருந்த பொழுதில், ஆற்றின் மறுகரையில் நின்று அவ்வூரை நோக்குவார் கண்ணில் முதலில் படுவது புகைபோக்கிதான். வீடுகளும் கடைகளும் பள்ளியும் பாலமும் தன் காலடியில் குறுகிக் கிடக்க, செங்கல்லின் மேல் செங்கல்லாக உயர்ந்து, உச்சியில் சற்றே ஒருபுறம் சாய்ந்து, கேட்ட கேள்விக்கு விடை வராமல் வாயிலில் நெடுநேரம் காத்திருக்கும் மனிதரைப் போல அது நின்றது. அதன் புகை வீசும் பக்கம் பார்த்துத் துணி உலர்த்தியவர்களும், ஆலைச்சங்கு கேட்டு அடுப்பில் உலை ஏற்றியவர்களும் அவ்வூரில் இன்னும் இருக்கிறார்கள். நூற்பாலை மூடப்பட்ட பின்னர் பொறிகளை ஒருவர் விலைக்கு வாங்கினார். கூரைத் தகடுகளை இன்னொருவர் வாங்கினார். கதவு நிலைகளை யாரும் வாங்காமலேயே தூக்கிச் சென்றார்கள். எஞ்சியவை அந்தப் புகைபோக்கியும், அதன் அடியில் ஒட்டிக் கிடந்த கொதிகலன் கூடமும்.

அவ்விரண்டையும் என்ன செய்வது என்பதில் ஊர்மன்றம் மதில்மேல் பூனையாக இருந்தது. பொதுப்பணத்திலிருந்து நல்கை வருமாயின் நிற்கட்டும். வாராதாயின் இடித்துவிட்டு அங்காடி கட்டுவோம் என்று மன்றத் தலைவர் ஒருநாள் மேசையைத் தட்டி முடித்துவிட்டார். அந்த நல்கையைப் பெற்றுத் தரும் பொறுப்பு மன்றத்தின் பழம்பொருள் காப்பாளராக இருந்த பெண்மணியின் தலையில் விழுந்தது. பழம்பொருள் காப்பாளர் என்பது நீண்ட பெயர். ஆனால் அவளுக்குக் கிடைத்த இடமோ மாடிப்படியின் அடியில், துடைப்பங்களுக்குப் பக்கத்தில், ஒற்றைச் சாளரமும் ஆடும் நாற்காலியும் கொண்ட ஒரு மூலை. அங்கிருந்து அவள் எழுதிய முறையீடுகள் தலைநகர் சென்று, ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்ந்து, இன்னும் ஒரு விளக்கம் தேவை என்னும் குறிப்போடு திரும்பி வரும். அவளும் விளக்குவாள். கல்லில்கூட நார் உரித்துவிடலாம், கருவூலத்தில் உரிக்க முடியாது என்று உடன்பணியாளர்கள் கேலி பேசும்போது சிரிப்பதற்குரிய தெம்புகூட அவளிடம் குறைந்துவிட்டிருந்தது. முடி நரைத்தது, கண்ணாடியின் தடிமன் கூடியது, புகைபோக்கி மட்டும் சாய்ந்தது சாய்ந்தபடி நின்றது.

அவள் தன் முறையீடுகளில் ஒன்றையே முதன்மையாக வைத்திருந்தாள். அது புகைபோக்கியின் உயரமும் அன்று, அகவையும் அன்று. கொதிகலன் கூடத்தின் உட்சுவர். ஆலை ஓடிய நாளில் நெருப்பை அணைத்துப் புகைவழிக்குள் தவழ்ந்து சென்று கரியைச் சுரண்டும் உலைக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. உள்ளே நுழைவதற்கு முன் ஒவ்வொருவரும் உள்ளங்கையைக் கரியில் தோய்த்து அச்சுவரில் பதிக்க வேண்டும். வெளியே வந்ததும் தம் கைப்பதிவின் குறுக்கே ஆணியால் ஒரு கோடு கீற வேண்டும். கோடு விழாத கை ஒன்றேனும் சுவரில் இருக்கும்வரை நெருப்பு மூட்டக் கூடாது. எழுத்தறியாத மனிதர்கள் தங்கள் உயிரைத் தாங்களே காத்துக்கொள்ளக் கண்டுபிடித்த முறை அது. உள்ளே சென்றவரே கோடு கீற வேண்டும், பிறர் அவருக்காகக் கீறலாகாது என்பது அதில் மீறக் கூடாத நெறி. இவ்வாறு தலைமுறை தலைமுறையாகப் பதிந்த கைகள், பெரியவையும் சிறியவையும் விரல் குறைந்தவையுமாக, ஒன்றன்மேல் ஒன்று படர்ந்து அச்சுவரை நிறைத்திருந்தன. இப்படி ஒன்று வேறெங்கும் இல்லை என்று அவள் எழுதினாள், அது உண்மையும்கூட.

எழுதாத உண்மை இன்னொன்று உண்டு. அச்சுவரில் கோடு விழாத கை ஒன்றே ஒன்று இருந்தது. புகைவழியின் மேல்வளைவு சரிந்து உள்ளேயே மாண்ட ஓர் உலைக்காரரின் கை அது. உடலை எடுத்துவந்து அடக்கம் செய்தார்கள். நெருப்பையும் மறுபடி மூட்டினார்கள். ஆயினும் அந்தக் கைக்குக் கோடு கீற யாருக்கும் உரிமை இல்லாததால் அது அப்படியே நின்றுவிட்டது. அவர் மாண்டபோது அவருடைய மகள் தொட்டிலில் கிடந்தாள். அந்த மகளே இந்தக் காப்பாளர். தந்தை என்று தொட்டறிய அவளுக்கு உலகத்தில் இருந்தது அந்தக் கை ஒன்றுதான். தனியே கூடத்திற்குச் செல்லும் நாட்களில் தன் கையை அதன்மேல் வைத்துப் பார்ப்பாள். அவள் விரல்கள் அவர் விரல்களைவிடச் சற்றே குட்டை.

இதை அவள் கருவூலத்திடமும் சொல்லவில்லை, தன்னை வளர்த்த சித்தப்பாவிடமும் பேசியதில்லை. அவரும் அதே கொதிகலன் கூடத்தில் வேலை பார்த்தவர். அண்ணன் உள்ளே சென்ற நாளில் வெளியே நின்றவர். அந்தக் கையைப் பற்றிய பேச்சை எடுப்பது ஆறிய புண்ணைக் கிளறுவதாகும் என்று அவள் வாய் திறக்கவில்லை, அவரும் திறக்கவில்லை. ஆகையால் எந்தச் சுவரை நம்பி அவள் நல்கை கேட்டாள் என்பது சித்தப்பாவுக்குக் கடைசிவரை தெரியாமலே போயிற்று.

ஒருவழியாகத் தலைநகரிலிருந்து ஆய்வாளர் ஒருவர் நேரில் வந்து பார்வையிடுவார் என்று செய்தி வந்தது. அன்று மாலை அவள் கூடத்தின் சாவியைச் சித்தப்பாவின் கையில் கொடுத்தாள்.

"சித்தப்பா, இந்த வாரக் கடைசில மேலிடத்துலேருந்து பாக்க வர்றாங்க. அன்னைக்குக் காலையில கொஞ்சம் தொறந்து வெச்சுடுங்க."

"யாரு, இன்ஸ்பெக்டரா?"

"ஆமா, அப்படித்தான் வெச்சுக்குங்களேன்."

"அப்போ நீ கவலைய விடும்மா. நாங்க பாத்துக்கறோம்."

அவளும் கவலையை விட்டாள். ஆலைத் தொழிலாளியின் வீட்டில் வளர்ந்தவள் அந்தச் சொற்களைக் கேட்டபோதே திடுக்கிட்டிருக்க வேண்டும். ஆய்வாளர் வருகிறார் என்றால் ஆலையில் ஒன்றே ஒன்றுதான் நடக்கும்: நூற்புக்கூடம் முதல் கழிப்பிடம் வரை எல்லாவற்றையும் கழுவி வெள்ளையடிப்பார்கள். பாட்டன் காலத்திலிருந்து வந்த பழக்கம். ஆலை மூடினாலும் கைகளை விட்டு அது போகுமா? களைப்பு மிகுந்தவர்கள் பெரிய பிழைகளைச் செய்வதில்லை. கேட்க வேண்டிய சிறிய கேள்வி ஒன்றைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

குறித்த நாளில் அவள் கூடத்திற்குள் காலடி வைத்தபோது கண் கூசியது. நான்கு சுவரும் பால் வெள்ளை. சுண்ணாம்பின் ஈர மணம் மூக்கில் ஏறியது. பழைய உலைக்காரர்கள் நால்வர், இடுப்பைப் பிடித்தபடி, புருவமெல்லாம் வெண்துளி தெறிக்க, மணமகனை ஒப்பனை செய்து நிறுத்தியவர்களைப் போல வரிசையாக நின்றார்கள்.

"எப்படி இருக்கு?" என்றார் சித்தப்பா. "இந்தக் கெழட்டுப் பசங்கள வெச்சு முடிக்கறதுக்குள்ள தாவு தீந்துடுச்சு."

"சுவத்துல இருந்த கையெல்லாம்...?"

"காரம் போட்டுத் தேய்ச்சுக் கழுவிட்டுத்தான் அடிச்சோம். இல்லேன்னா கரி மேல ஊறி வந்துடும்ல? வேலைன்னா வேலையா இருக்கணும்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். அவள் சினம் கொள்ள முயன்றாள். சினத்திற்கும் வலிமை வேண்டுமே, அது அவளிடம் இல்லை. அந்நேரம் சித்தப்பா மற்றவர்களை விட்டு விலகி வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இன்னொண்ணும் பண்ணிட்டேன். நீ கோவிச்சுக்கக் கூடாது. எல்லாக் கைக்கும் கோடு இருந்துச்சு, அண்ணனுக்கு மட்டும் இல்ல. கோடில்லாம கை நின்னா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம். வர்றவங்க கண்ணுல அது படலாமா? அதான் கழுவறதுக்கு முன்னாடி ஆணிய எடுத்து நானே கிழிச்சுட்டேன். முறைப்படி நான் கிழிக்கக் கூடாதுதான். ஆனா எத்தனை வருஷம்மா அவர உள்ளயே நிறுத்தி வெக்கறது? வெளிய கூட்டிட்டு வந்துட்டேன்."

அவள் அவர் புருவத்தில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

ஆய்வாளர் வந்தார். பல ஊர்களின் இடிபாடுகளைப் பார்த்துப் பார்த்து உள்ளம் மரத்த மனிதர் அவர். ஆயினும் கெட்டவர் அல்லர். உலைக்காரர்கள் "வாங்கய்யா, ஒரு அழுக்கு கெடையாது, நல்லா பாருங்க" என்று வரவேற்க, அவர் வெண்சுவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பின்பு அவளைச் சாளரத்தோரம் அழைத்தார்.

"போட்டோவுல இருந்த சுவர் இதுதானா?"

"இதுதாங்க."

"கையெல்லாம் போனா அப்புறம் இதுல என்னங்க இருக்கு? நிதி அதுக்குத்தானே." சற்று எண்ணிப் பார்த்து, உதவும் எண்ணத்தோடே தொடர்ந்தார்: "ஒண்ணு பண்ணலாம். உங்க அனுமதி இல்லாம வெளியாளுங்க யாரோ செஞ்சிருந்தா, அவங்க பேர்ல ஒரு புகார் குடுங்க. சேதம்னு பதிவாயிட்டா, சரிபண்றதுக்குன்னு பணம் கேக்க வழி இருக்கு. யாரு பண்ணினது?"

அவள் திரும்பிப் பார்த்தாள். சித்தப்பா தரையில் சிந்தியிருந்த ஒரு சொட்டுச் சுண்ணாம்பைக் குனிந்து காலால் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெயரைச் சொன்னால் புகைபோக்கி நிற்கும். அவள் வாழ்நாள் உழைப்பும் நிலைக்கும்.

"நான்தாங்க பண்ணச் சொன்னேன்," என்றாள்.

"இத்தனை வருஷமா எழுதினதும் நீங்கதானே?"

"நான்தாங்க."

அவர் எழுதுகோலை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, வேறொன்றும் கேட்காமல் படியிறங்கிச் சென்றார்.

நல்கை மறுக்கப்பட்டது. அவளுக்கு மன்றத்தின் கண்டனமும் கிடைத்தது. அதை அவள் துடைப்பங்களுக்குப் பக்கத்திலிருந்த தன் மூலையில் அமர்ந்து ஒருமுறை படித்தாள். சித்தப்பாவிடம், இதைவிட மோசமாக இடியும் நிலையில் உள்ள கட்டடங்களுக்குப் பணம் போய்விட்டதாம் என்று மட்டும் சொன்னாள்.

"போகட்டும் விடும்மா," என்றார் அவர். "வந்தவரு நம்ம அழுக்கப் பாக்கல. அது போதும்."

இடிக்கும் நாள் வந்தது. சித்தப்பா வர விரும்பவில்லை; அவள் மட்டும் சென்றாள். கடைசியாக ஒருமுறை கூடத்திற்குள் நுழைந்து சுவரைத் தடவினாள். கரி போனாலும் கீறல்கள் போகவில்லை. சுண்ணாம்பின் கீழே அவை விரலுக்குத் தட்டுப்பட்டன. தன் தோளுயரத்தில், பழக்கப்பட்ட இடத்தில், மற்றவற்றைவிடக் கூர்மையான விளிம்புடைய ஒரு புதிய கோடு இருந்தது. அதன்மேல் அவள் விரல் சிறிது நேரம் தங்கியது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வந்தது பெருமூச்சுதான்.

அவள் வெளியே வந்ததும், இடிக்கும் பொறியை இயக்க ஏறியிருந்தவன் கையை வாயருகே குவித்துக் கூவினான்: "அம்மா, உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

"யாரும் இல்லப்பா," என்றாள். "எல்லாரும் வெளிய வந்துட்டாங்க."

பொதுப்பணம் எவற்றைக் காக்கும், எவற்றைக் காவாது என்பதற்கு நெறிகள் உண்டு. அவற்றை வகுத்தவர்கள் தீயவரும் அல்லர். ஆனால் நெடுங்காலம் உள்ளே நின்ற ஒருவரைக் கைபிடித்து வெளியே அழைத்து வருவதற்கு எந்தக் கருவூலத்திலும் ஒரு செலவுத் தலைப்பு இல்லை. அன்று மாலை, ஆற்றின் மறுகரையில் நின்றவர்கள் பழக்கத்தால் நிமிர்ந்து பார்த்தார்கள். அங்கே வானம் மட்டும் இருந்தது. அவள் வீடு திரும்பி, சித்தப்பாவுக்குச் சோறு போட்டுவிட்டு, நெடுநாளைக்குப் பிறகு விளக்கை அணைத்ததும் உறங்கிப்போனாள்.