நாலு பேருக்கு ஒரு மேசை

மலைத் தேவாலயத்துக்குக் கீழே இருக்கும் அந்த உணவகத்தின் அடுப்படியில் சிவதர்சன் எட்டு வருடமாக நிற்கிறான். அதன் கூடத்தில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. பாரிஸ் பார்க்க வருகிறவர்கள் அவன் காய்ச்சும் வெங்காய சூப்பைக் குடித்துவிட்டு, கிண்ணத்தோடு படமும் எடுத்துக்கொண்டு போவார்கள். அவனுக்குத் தெரிந்த கூடம், தட்டுகளை நீட்டும் சின்ன ஜன்னல் வழியே தெரிகிற அளவுதான்.

லண்டனிலிருந்து தங்கை ரூபிகா புருசனோடும் மகளோடும் வருகிறாள் என்றதும் ஆளுக்குக் கால் நிலத்தில் படவில்லை. வன்னியில் பிரிந்து ஒன்பது வருடம். மூன்று நாளுக்கு ஊர் சுற்றத் திட்டம் போட்டான்: ஈஃபில் கோபுரம், ஆற்றுப் படகு, மலைத் தேவாலயம். அதில் பாதியை அவனே பார்த்ததில்லை, அது வேறு கதை. சனிக்கிழமை மத்தியானத்துக்குத் தன் உணவகத்திலேயே, தன் பெயரிலேயே, நாலு பேருக்கு ஒரு மேசை பதிந்தான். சொந்தச் சனத்தோடு அந்தக் கூடத்தில் ஒரு தடவை உட்கார வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் அவனுடைய ஒற்றை அறையில் பெட்டிகளை வைத்த கையோடு, அவர்கள் மட்டும் போய் ரூ பஜோல் தெருப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். படகைப் பற்றிச் சொன்னான், தலையாட்டினார்கள். மேசையைப் பற்றிச் சொன்னபோது ரூபிகா அவன் முகத்தையே பார்த்தாள்.

"அண்ணை, நாளையிண்டைக்கு, ஞாயிற்றுக்கிழமை, பிள்ளையாருக்குத் தேர். கொடியேறினதிலை இருந்து நாங்கள் மச்சம் மாமிசம் தொடேல்லை. உங்களுக்குத் தெரியாதே?"

தெரியாது. கோயிலுக்கு ஐந்து நிமிட நடையில் இருக்கிறவனுக்குத் தெரியவில்லை. வீட்டில் சொல்ல ஒரு ஆள் இருந்தால் அல்லவா தெரியும்? வருடம் முழுக்க வாத்து இறைச்சியை ருசி பார்த்துக்கொண்டிருந்தவனுக்குக் கொடியேற்றம் ஏது, தேர் ஏது. வெட்கமாக இருந்தது.

ரூபிகாவுக்கும் பாவமாகப் போய்விட்டது. "நீங்கள் காய்ச்சிற வெங்காய சூப்பைக் குடிக்கலாம்தானே? அதிலை வெங்காயம் மட்டும்தானே?"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் மேசை நிரம்பிவிடும். சொல் நாக்கு நுனி வரை வந்தது. தங்கை மகளின் நெற்றியில் கோயில் திருநீறு அப்படியே இருந்தது.

"இல்லை. மாட்டெலும்பு அவிச்ச தண்ணியிலைதான் அதைக் காய்ச்சிறது," என்றான்.

மறுநாள் அவர்கள், தேருக்கு முதல் நாள் நடக்கும் சப்பறத் திருவிழாவுக்குப் போனார்கள். அவன் உணவகத்துக்குப் போனான். ஆவணி மாதத்துச் சனிக்கிழமையில், அத்தனை கூட்டத்திலும், அவனுக்காக முதலாளி ஜன்னலோர மேசையை ஒதுக்கி வைத்திருந்தார். போகாமல் இருப்பது மரியாதையில்லை.

பரிமாறும் ரோசாலி மேசையிலிருந்த நாலு தட்டுகளில் மூன்றை எடுத்துக்கொண்டு போனாள். சூப் வந்தது. எட்டு வருடமாகக் கரண்டி நுனியில் ருசி பார்த்ததை முதன்முறையாக ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தான். நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல எதிரில் ஆளில்லை. தனியாக வருகிற எல்லாருக்கும் செய்வதுபோல ரோசாலி அவன் கைபேசியை வாங்கிப் படம் எடுத்துக் கொடுத்தாள்.

அதை ரூபிகாவுக்கு அனுப்பினான். உடனே பதில் வந்தது. "வடிவாய் இருக்கு. ஆர் அண்ணை எடுத்தது? தனியவோ இருக்கிறியள்?"

மாட்டெலும்பை மறைக்க முடியாதவன் இப்போது யோசிக்கவே இல்லை.

"இல்லை. கூட வேலை செய்யிற எல்லாரும் என்னோடை இருக்கினம்," என்று எழுதினான்.